தப்பைக் காட்டினால் மட்டும் போதுமா?

வணக்கம். அடிபட்டவர் கோர்ட்டில் போய் நின்று, "அவர் அஜாக்கிரதையாக இருந்தார், எனக்கு நஷ்டஈடு வேண்டும்" என்று சொன்னால் வேலை முடிந்தது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். முடியாது.

அஜாக்கிரதையால் வரும் தீங்கியல் வழக்கில், அதாவது ஒருவர் செய்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்டுப் போடும் சிவில் வழக்கில், வாதி தலையில் நாலு சுமை இருக்கிறது. இந்த நாலையும் அவர் நிரூபிக்க வேண்டும்: என்னிடம் கவனமாக நடந்துகொள்ளும் கடமை அவருக்கு இருந்தது, அந்தக் கடமையில் தவறினார், எனக்கு உண்மையிலேயே நஷ்டம் ஏற்பட்டது, அந்த நஷ்டம் அந்தத் தவறால்தான் வந்தது. கடைசியாகச் சொன்னேனே, அந்த முடிச்சில்தான் பல வழக்குகள் அறுந்துபோகின்றன.

லண்டனில் 1966 புத்தாண்டு அன்று நடந்ததைக் கேளுங்கள். இரவுக் காவலாளிகள் மூன்று பேர் டீ குடித்தார்கள், வாந்தி நிற்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வந்து பார்க்கவே இல்லை, வீட்டுக்குப் போய் அவரவர் டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று நர்ஸிடம் போனிலேயே சொல்லிவிட்டார். சில மணி நேரத்தில் ஒருவர் இறந்துவிட்டார், டீயில் ஆர்செனிக் விஷம் கலந்திருந்திருக்கிறது. மனைவி வழக்குப் போட்டார். நீதிபதியும் ஆஸ்பத்திரி கடமை தவறியது என்று ஒப்புக்கொண்டார், ஆனாலும் அந்த அம்மா தோற்றுப்போனார், ஏனென்றால் உடனே வார்டில் சேர்த்திருந்தாலும் மாற்று மருந்து உரிய நேரத்தில் கிடைத்து அவர் பிழைத்திருப்பார் என்று நிரூபிக்க முடியவில்லை. தப்பு நடந்தது, சாவும் நடந்தது, இரண்டையும் கட்டும் கயிறுதான் இல்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு கனத்துப்போகும்.

சரி, எவ்வளவு தூரம் நிரூபிக்க வேண்டும்? கொலைக் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கே இடமில்லாமல் வேண்டாம், அப்படி நடக்காமல் இருந்திருப்பதைவிட நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதனால்தான் சொல்கிறேன், அடிபட்ட அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், எப்படி அடிபட்டது என்பதை அவர் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால், "இந்த முதுகுவலி ஏற்கெனவே இருந்ததுதானே?" என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பார், பதில் சொல்லத் தடுமாறுவீர்கள்.

அப்புறம், உள்ளே என்ன நடந்தது என்று வாதிக்குத் தெரியவே வழியில்லாத சம்பவங்களும் உண்டு. இங்கிலாந்தில் 1863-இல் தீர்ப்பான வழக்கு ஒன்று: தெருவில் நடந்துபோனவர் மேல் ஒரு கடையின் மாடி ஜன்னலிலிருந்து மாவு பீப்பாய் விழுந்தது. யார் கை நழுவியது என்று அவர் எங்கே போய்த் தேடுவார்? பீப்பாய் தானாக உருண்டு வெளியே வராது, அஜாக்கிரதை இல்லை என்றால் அதைக் கடைக்காரர்தான் காட்ட வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது.