சீனாக்காரன் காந்தமும் நம்ம ஊர் கருமணலும்

வணக்கம் மக்களே. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் நிற்கிறேன். காற்று பலமாக இருக்கிறது, மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, சீனா, வரி, போர் என்று எல்லா சேனலிலும் மேப் போட்டுப் பேசுகிறார்கள். எனக்கு மேப் தேவைப்படவில்லை, விஷயம் காலடியிலேயே கிடக்கிறது.

இதோ பாருங்கள். அலை ஏறி இறங்கிய இடத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறதா? ஒரு கையில் இதையும் மறு கையில் அந்த வெளிறிய மணலையும் அள்ளினால் எடை வித்தியாசம் உடனே தெரியும். லேசானதை அலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது தங்கிவிடும். இதில் பெரும்பகுதி இல்மனைட் என்ற கனிமம். கூடவே கார்னெட், சிர்கான், ரூட்டைல். இவற்றுக்கு நடுவே கொஞ்சம் மோனசைட். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இத்தனை பாடு. அதில் அணு எரிபொருளுக்கு உதவும் தோரியம் இருப்பதால் அணுசக்தித் துறைக்கு வேண்டும். நியோடிமியம் என்ற அரிய மண் தனிமம் இருப்பதால் காந்தம் செய்கிறவனுக்கு வேண்டும். மின்சாரக் கார், காற்றாலை, ஏவுகணை எல்லாவற்றிலும் அந்தக் காந்தம் உண்டு.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். நாம் கயிற்றுக்குக் காசு வாங்கினோம், அந்த மனுஷன் கயிற்றை விட்டுவிட்டு மண்ணைப் பார்த்திருக்கிறார்! அடுத்த வருஷமே மணவாளக்குறிச்சியில் ஆலை வந்துவிட்டது. அன்று தோரியம் தேவைப்பட்டது காஸ் விளக்கு மேன்டிலுக்கு. பெட்ரோமாக்ஸில் கட்டுவோமே, அந்த வலைதான். அப்புறம் முதல் உலகப்போர் வந்தது, ஷோம்பர்க் கைதானார், ஆலையை மூடினார்கள். ஐரோப்பாவில் சண்டை, பூட்டு விழுந்தது நம்ம ஊரில். அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1950இல் இந்திய அருமணல் நிறுவனம் உருவானது, 1965இல் இந்த ஆலை அதன் கைக்குப் போனது. நம்ம ஆட்களுக்கு இன்றைக்கும் அது வெறும் 'மணல் ஆலை'தான்.

இப்போது நடப்புக்கு வருவோம். 2025 ஏப்ரலில், டிரம்ப் வரி போட்ட சூட்டோடு, சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. உலகத்தின் அரிய மண் சுத்திகரிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் சீனாவின் கையில். காந்தம் வராமல் நம் நாட்டு வாகனக் கம்பெனிகளும் திணறின. சொந்தக் கனிமம் வேண்டும் என்ற பேச்சு டெல்லியில் வேகமெடுத்தது. அது நியாயமான பேச்சுதான். ஒரே கடையை நம்பி ஒரு நாடு இருக்கக் கூடாது.

ஆனால் அந்த வேகத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2025 செப்டம்பர் 8 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. அணுக்கனிமம், முக்கியக் கனிமம் தோண்டும் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை. கேட்டால் நாட்டின் பாதுகாப்பு என்கிறார்கள்.

நமக்கு இது எங்கே இடிக்கிறது? கிள்ளியூர் தாலுகாவில். கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு, எல்லாம் சேர்த்து 1,144 ஹெக்டேரில் மோனசைட் எடுக்கும் திட்டம் இருக்கிறது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பு கிளம்பியதால் தள்ளிப்போனது. 'அன்றைக்குக் கூட்டம் வேண்டாம் என்றீர்கள், இன்றைக்குக் கூட்டம் எங்கே என்கிறீர்களே' என்று ஒரு அண்ணன் என்னிடம் மடக்கினார். மக்கள் எதிர்த்தது சுரங்கத்தை அண்ணே. தேதி தள்ளிப்போனது வேறு, கேட்கவே மாட்டேன் என்பது வேறு.

அந்தக் கூட்டம் சும்மா சடங்கு இல்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும், கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும், முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். தோண்டினால் கதிர்வீச்சு கூடும் என்று ஊர்க்காரர்கள் பயப்படுகிறார்கள். மோனசைட்டை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு குறையும் என்கிறது அருமணல் நிறுவனம். நேர் எதிரான இரண்டு பேச்சு. கலெக்டர் முன்னால், கேமரா முன்னால் இரண்டு பேரும் கணக்கைக் காட்டட்டுமே. அதற்கு வேறு மேடை எங்கே இருக்கிறது?

சரி, அவசரம் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். சீனா ஏப்ரலில் பிடித்து வைத்தது டிஸ்புரோசியம், டெர்பியம் மாதிரியான, பெரும்பாலும் கன வகைகளை. நம் மோனசைட்டில் கிடைப்பது பெரும்பாலும் லேசான வகை. நியோடிமியம் நமக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைக் காந்தமாக்கும் பெரிய ஆலைகள் நம்மிடம் இல்லை. அதற்காக மத்திய அரசு 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததே 2025 நவம்பரில்தான். ஆலை இன்னும் வரவில்லை, அதற்குள் மிடாலத்துக்காரனிடம் கேட்க நேரமில்லையாம்!

தோரியம் கதை இன்னும் நீளம். அணு விஞ்ஞானி ஹோமி பாபா வகுத்த மூன்று கட்ட அணுசக்தித் திட்டத்தில் அது மூன்றாவது கட்டம். இரண்டாவது கட்டத்துக்கான 500 மெகாவாட் ஈனுலைக்கு, அதாவது எரிக்கும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் உலைக்கு, கல்பாக்கத்தில் வேலை தொடங்கியது 2004இல், உலையின் மையப்பகுதியை நிரப்பத் தொடங்கியது 2024 மார்ச்சில். இருபது வருஷம் காத்திருந்தவர்களுக்கு ஒரு முப்பது நாள் நோட்டீஸ் பாரமா?

எங்களை வளர்ச்சிக்கு எதிரி என்று சொல்லிவிடாதீர்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை காற்றாலைதான். மாவட்ட எல்லையைத் தாண்டினால் ரஷ்ய உதவியோடு கட்டிய கூடங்குளம் அணுஉலை. நாட்டுக்கு மின்சாரம் கொடுப்பதில் இந்த மூலை பின்தங்கியதே இல்லை.

குறிப்பாணையைத் திரும்பப் பெறச் சொல்லி முதல்வர் ஸ்டாலின் 2025 செப்டம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நல்லது. ஆனால் நம் அரசியலில் கடிதம் எழுதுவது சுலபமான வேலை. ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள், செப்டம்பர் 8 குறிப்பாணைக்கு எதிராக நாடாளுமன்றத்தில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று. 'பார்க்கிறேன் தம்பி' என்றால் அதையும் வீடியோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், இதே சேனலில் போடுகிறேன். அடுத்த வீடியோ கூடங்குளம் பற்றி. வரட்டுமா மக்களே.