முதல் கார் பழைய ஹேட்ச்பேக்கா? பானட்டைத் தொட்டுப் பார்த்துத் தொடங்குங்கள்

(காட்சி: மூடிய பானட்டின் மேல் ஓர் உள்ளங்கை)

பழைய வண்டி பார்க்கப் போனால், கதவைத் திறப்பதற்கு முன் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓடவிட்டிருக்கலாம். வெயிலில் நின்ற வண்டி என்றால் பானட் எப்படியும் சுடும். அப்போது பானட்டைத் திறந்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். அது குளிர்ந்திருக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? பழைய இன்ஜினின் பல நோய்கள் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் வெளியே தெரியும். சூடேறிய பிறகு அவை ஒளிந்துகொள்ளும். அதனால் விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "காலையில் வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வச்சிருங்க."

(காட்சி: டேஷ்போர்டில் வழுக்கும் கார் போன்ற விளக்கு)

வண்டி பார்க்கப் போகும் முன், எந்த வண்டியைப் பார்க்கப் போவது என்பதைத் தீர்மானிப்போம். புதிதாக ஓட்டுபவருக்கு நாங்கள் விட்டுக்கொடுக்கச் சொல்லாத ஒரே வசதி இ.எஸ்.சி., அதாவது எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல். வளைவில் வண்டி வழுக்கத் தொடங்கினால், இது ஏதேனும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானாக பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும். அனுபவம் குறைந்தவர்கள் தடுமாறுவது சரியாக அந்த நொடியில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும், அமெரிக்காவில் 2012 மாடல் முதலும் இது கட்டாயம். மற்ற சந்தைகளில் அதே காரின் விலை குறைந்த வகைகளில் இது இல்லாமல் போகலாம். விளம்பரத்தை நம்ப வேண்டாம். சாவியைத் திருப்பியதும் வழுக்கும் கார் படம் போட்ட விளக்கு எரிந்து அணைகிறதா என்று நீங்களே பாருங்கள்.

மோதல் சோதனை நட்சத்திரங்களைப் பார்க்கும்போது, சோதித்த ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பாவில் புதிய கார்களை மோதவைத்து நட்சத்திரம் தரும் யூரோ என்காப் அமைப்பு 1997 முதல் சோதனை முடிவுகளை வெளியிட்டு வருகிறது. விதிகளைத் தொடர்ந்து கடுமையாக்குவதால், 2009-இல் வாங்கிய ஐந்து நட்சத்திரமும் 2018-இல் வாங்கிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

இன்ஜின் 1.0 முதல் 1.4 லிட்டர் வரை, டர்போ இல்லாத பெட்ரோல் போதும். கோளாறுக்கு இடம் குறைவு. டர்போ வண்டி என்றால், ஆயில் மாற்றிய பில் ஒவ்வொன்றும் கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டப்போகிறவர் டீசல் பக்கமே போக வேண்டாம். இப்போதைய டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். தாழ்த்திய ஸ்பிரிங், மாற்றிய சைலன்சர் உள்ள வண்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். பிடித்த வண்டிக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வையுங்கள். இளம் ஓட்டுநருக்கு அந்தத் தொகை கணக்கையே மாற்றிவிடும்.

(காட்சி: சைலன்சர் முனை, மூன்று நிறப் புகை)

இப்போது குளிர்ந்த இன்ஜின். முதலில் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். ஏர்பேக் விளக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் சில நொடிகளில் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால், அணையாத விளக்கைவிட அது மோசம். கோளாறை மறைக்க யாரோ விளக்கையே துண்டித்திருக்கலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று சைலன்சரைக் கவனிக்கட்டும். வால்வ் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் தேய்ந்த இன்ஜினில், இரவெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். ஸ்டார்ட் ஆன நொடியில் நீலப் புகை ஒரு கொத்தாக வந்து நின்றுவிடும். ஏற்கெனவே ஓடிச் சூடான இன்ஜினில் இது பெரும்பாலும் தெரியாது. ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் நீலப் புகை தொடர்ந்து வருகிறதென்றால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது பெரிய செலவு. குளிர்ந்த காலையில் மெல்லிய வெண்ணிற ஆவி இயல்பானது. சூடேறிய பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது; இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். கரும்புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது.

முதல் இரண்டு மூன்று நொடி உலோகச் சலசலப்பு கேட்டு மறைந்தால், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். செயினுக்குப் பதில் பெல்ட் உள்ள இன்ஜினா? பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பெரும்பாலான பெல்ட்டுகளின் ஆயுள் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் இருக்கும். சரியான எண் காரின் கையேட்டில் உண்டு. ஓடும்போது பெல்ட் அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வில் இடிக்கும், வால்வ் வளையும். பில் இல்லையா, மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

(காட்சி: மட்கார்டு போல்ட் நெருக்கத்தில்)

பாடியைப் பகலில், ஈரமில்லாமல் பாருங்கள். தண்ணீர்ப் படலம் டென்ட்டையும் பெயின்ட் வேறுபாட்டையும் மறைத்துவிடும். பானட் கீலிலும் மட்கார்டிலும் உள்ள போல்ட்களின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தால், அந்தப் பாகத்தை ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி குழியைத் தடவிப் பாருங்கள். பின்னால் பலமாக அடிவாங்கிய வண்டியில் அங்கே தகடு நெளிந்திருக்கும், புதிய வெல்டிங் தெரியும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எஃகுத் தகட்டின் மேல் நகர்த்துங்கள். பட்டி போட்டு நிரப்பிய இடத்தில் பிடிப்பு குறையும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடுவார்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசி அரை மீட்டரில் சேற்றுக் கறை தங்கிவிடும். சீட் தண்டவாளத்தில் துரு இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு, அல்லது ஏதோ வளைந்திருக்கிறது.

(காட்சி: ஸ்டியரிங், வெளியே வளைவான சாலை)

டெஸ்ட் டிரைவ் அரை மணி நேரமாவது வேண்டும். ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்குங்கள். காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். டக் டக் என்று அடித்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வேகத்தோடு ஏறும் ரீங்காரம் வளைவில் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க். திரும்பி வந்ததும் ஏ.சி.யைப் போட்டு பத்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். வெப்பநிலை முள் நடுவைத் தாண்டாமல் நிற்க வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் சுழல வேண்டும்.

டேஷ்போர்டின் கீழே, வண்டியின் கணினியோடு பேச உதவும் ஓ.பி.டி. இணைப்பில் சிறிய ரீடரைச் செருகினால், கோளாறுக் குறியீடுகள் போனில் தெரியும். குறியீடு எதுவும் இல்லை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டியின் சுயசோதனைகள் முடிந்துள்ளனவா என்றும் பாருங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால், அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்.

ஆவணத்தில் உள்ள 17 எழுத்து சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். வண்டி மேல் கடன் பாக்கி இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். உங்கள் மெக்கானிக் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க விற்பவர் மறுத்தால், வேறு வண்டி பாருங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட வேண்டாம். பத்தில் ஒரு பங்கையாவது முதல் சர்வீஸுக்கு ஒதுக்குங்கள். வாங்கிய வாரமே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் ஐந்தையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், எப்போது மாற்றினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஆயில் மாற்றிய அன்று டிப்ஸ்டிக்கில் மட்டம் எங்கே நிற்கிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியபின், அதே சமதளத்தில், இன்ஜின் குளிர்ந்த பிறகு மறுபடி பாருங்கள். இன்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.