நினைவைச் சுமக்கும் சிறுவன்

வணக்கம் நேயர்களே. 1993இல் வெளியாகி, அடுத்த ஆண்டே அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தின் உயரிய விருதான நியூபெரி பதக்கத்தை வென்ற ஒரு நாவலைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். லோயிஸ் லௌரி எழுதிய 'த கிவர்' என்ற அந்நூலைப் பாடசாலை நூலகங்களிலிருந்து அகற்றும்படி அங்குள்ள பெற்றோர் பலர் கோரினர். 1990களில் மிகுந்த ஆட்சேபனைக்குள்ளான நூல்களை அமெரிக்க நூலகச் சங்கம் பட்டியலிட்டபோது இதுவும் அதில் இடம்பெற்றது.

நாவல் காட்டும் ஊரில் போர் இல்லை, பசி இல்லை, நிறங்களும் இல்லை. பன்னிரண்டு வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய தொழிலை மூத்தோர் சபை அறிவிக்கிறது. முன்னோரின் நினைவுகள் அனைத்தையும் ஊருக்காக ஒரே முதியவர் சுமக்கிறார். அவருக்கு அடுத்தவனாக ஜோனாஸ் என்ற சிறுவன் தெரிவாகிறான். நண்பனோடு எறிந்து விளையாடும் அப்பிள் பழம் அந்தரத்தில் ஒரு கணம் மாறித் தெரிவதையும், தான் கண்டது சிவப்பு நிறத்தை என்று அவன் பின்னரே அறிவதையும் லௌரி மிகுந்த நிதானத்துடன் எழுதியிருக்கிறார்.

பெற்றோர் அஞ்சிய காட்சி வேறு. சிசுக்களைப் பராமரிக்கும் பணியிலுள்ள ஜோனாஸின் தந்தை, இரட்டைக் குழந்தைகளை நிறுத்துப் பார்த்து, எடை குறைந்ததன் நெற்றி நரம்பில் ஊசி ஏற்றுகிறார். கொஞ்சும் குரலில் பேசிக்கொண்டே ஏற்றுகிறார் என்பதுதான் நெஞ்சை உலுக்குகிறது. அவர் கொடியவர் அல்லர்; மரணம் என்றால் என்னவென்று உணர்த்தும் நினைவு எதுவும் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். ஆகவே, இக்காட்சி சிறுவர்க்குத் தகாதது என்று நீக்கக் கேட்டவர்கள் நாவலின் முதுகெலும்பையே நீக்கக் கேட்டார்கள் என்பது என் துணிபு. நினைவுகள் எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறுகின்றன என்பதற்கு அறிவியல் விளக்கம் இல்லை என்று குறை கண்ட விமர்சகர்களும் உண்டு. குறை உண்மையே, ஆனால் இந்நாவல் நம்மிடம் கேட்பது அதுவல்ல.

திருகோணமலையில் இந்நூலை வாசிக்கும் மாணவர்கள் பலர் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பிறந்தவர்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் அன்று நடந்ததையோ, அதற்கு முன்னும் பின்னும் போரில் நடந்ததையோ வீட்டில் கேட்டால், "அதெல்லாம் இப்ப ஏன் பிள்ளை?" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதிலில் இருப்பது அன்புதான் என்பதை நான் அறிவேன். ஆனால் ஜோனாஸின் ஊரும் பிள்ளைகளை நோகாமல் வளர்க்க வேண்டும் என்ற அதே அன்பிலிருந்துதான் தொடங்கியது. அதனால்தான் இந்நூலை நம் பிள்ளைகளோடு பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

முடிவைப் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. கைக்குழந்தையோடு தப்பியோடும் ஜோனாஸ், பனி மூடிய மலைச்சரிவின் கீழே விளக்குகளைக் கண்டு இசையைக் கேட்கிறான். அவன் பிழைத்தானா, குளிரில் இறக்கும் மூளையின் தோற்றமா என்பதை நூல் சொல்லவில்லை. 2004இல் வந்த 'மெசெஞ்சர்', 2012இல் வந்த 'சன்' ஆகிய தொடர்நூல்களில் லௌரி அவனை உயிரோடு காட்டிவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதின்ம வயதினரை நம்பி ஒரு கேள்வியை அவர்களிடமே விட்டுச்சென்ற முதல் நூலின் துணிவு, அந்த விடையால் சற்றுக் குன்றியே போயிற்று.