ஊரார் நாவில் வாழ்ந்த அயர்லாந்துப் புலவர்கள்

அவையோர்க்கு வணக்கம். அயர்லாந்துக் கவிதை என்றவுடன் அச்சேறிய பெரும்பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டுச் சிற்றூர்களிலோ, சாவானாலும் சண்டையானாலும் அதை உடனே பாட்டாக்கி, அந்த மனிதர்களை நேரில் அறிந்தவர்கள் முன்னிலையிலேயே பாடிக்காட்டிய ஊர்ப் புலவர்கள் இருந்தார்கள். எழுத்தறியாத மாரெ புயி நீ லெய்ரெ என்ற பெண், கார்க் பகுதியில் 1822இல் விவசாயிகள் அரசுப் படையினரோடு மோதியதைப் பாடினார். ஐரிஷ் மொழி வழங்கும் ஊர்களில் அது இன்றும் பாடப்படுகிறது.

இவர்களில் என் மனத்தை விட்டு அகலாதவர் அந்தனி ராஃப்டரி. அயர்லாந்தின் மேற்கிலுள்ள மேயோவில் பிறந்து, சிறுவயதில் அம்மை நோயால் பார்வையிழந்து, பிடிலும் கையுமாகக் கால்வே ஊர்களில் திரிந்து, 1835இல் மறைந்தவர். 1828 செப்டம்பரில் அனக்டவுனிலிருந்து கால்வே சந்தைக்கு ஆட்களையும் ஆடுகளையும் ஏற்றிச் சென்ற பழைய படகு ஒன்று கோரிப் ஏரியில் மூழ்கியது. ஓர் ஆடு பலகையை மிதித்து ஓட்டையாக்க, ஒருவர் தம் மேலங்கியைத் திணித்து அதைக் காலால் அழுத்த, பலகையே பெயர்ந்துவிட்டது என்பார்கள். ராஃப்டரியின் பாட்டு இறந்தோரை 11 ஆண்கள், 8 பெண்கள் என்று எண்ணிச் சொல்கிறது. காற்றோ மழையோ இல்லாத அமைதியான நாளில் இது நேர்ந்ததே என்று திகைக்கிறது. சந்தைக்கென்று விடியலிலேயே உடுத்திக் கிளம்பிய பெண்ணைப் பெயர் சொல்லி அழைக்கிறது. அவர்களை விழுங்கிய இடத்தைச் சபிக்கிறது. இறந்தவர்களின் உறவினர் கேட்கப் பாடிய பாட்டில் பொய்யான புகழ்ச்சிக்கு இடமேது? அதன் வலிமை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

பிற்காலத்தில் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரான டக்ளஸ் ஹைட், மக்கள் வாயிலிருந்தும் கையெழுத்துப் படிகளிலிருந்தும் ராஃப்டரியின் பாடல்களைத் திரட்டி 1903இல் நூலாக்கினார். 1937 முதல் 1939 வரை, நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் திட்டப்படி, 26 கவுண்டிகளின், அதாவது மாவட்டங்களின், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வழக்காறுகளைக் குறிப்பேடுகளில் எழுதினார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட தலைப்புகளில் ஊர்ப் புலவர்களும் ஒன்று. பிரிட்டனோடு இருந்த வடக்கின் ஆறு கவுண்டிகள் அதில் சேரவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் கலந்துகொண்ட, பாலிகாரி ஊர் நெசவாளர் ஜேம்ஸ் ஓர் போன்ற தறிக்காரப் புலவர்கள் தம் பேச்சுமொழியிலேயே எழுதிய மண் அது. அங்குள்ள பாட்டிகளிடமும் தாத்தாக்களிடமும் அதேபோல் கேட்டு எழுதும் வாய்ப்பு அன்றைய பிள்ளைகளுக்குக் கிட்டாமல் போனதை எண்ணி நான் வருந்துகிறேன்.