சிக்னலில் நிற்பவரும் அவரே, மீறுபவரும் அவரே

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஏன் சாலை விதிகளை மீறுகிறார்கள் என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிடுகிறது: ஒழுக்கம் இல்லை, பயம் இல்லை, பொறுப்பு இல்லை. நானும் நெடுநாள் இந்த விடையை நம்பியிருந்தேன். ஆனால் ஒரே மனிதரை ஒரே நாளில் தொடர்ந்து கவனித்தால் அந்த விடை தள்ளாடத் தொடங்குகிறது. கேமரா பொருத்திய சந்திப்பில் கோட்டுக்குப் பின்னால் அடக்கமாக நிற்கிறவர், அடுத்த சந்திப்பில் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறார். நெடுஞ்சாலையில் தலையில் இருந்த ஹெல்மெட், ஊருக்குள் திரும்பியதும் பெட்ரோல் டேங்கின்மேல் ஏறிக்கொள்கிறது. குணம்தான் காரணம் என்றால், அந்தக் குணம் எல்லாச் சாலைகளுக்கும் அவரோடு கூடவே வந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே அந்த மனிதரைக் குறைகூறுவதற்கு முன், ஒவ்வோர் இடமும் அவருக்கு எதைப் பழக்கிக் கொடுத்திருக்கிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

1990ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனும் அவருடன் பணியாற்றியவர்களும் வாகன ஓட்டிகளிடம் வினாத்தாள் கொடுத்து ஆராய்ந்தபோது, பிழையும் மீறலும் வெவ்வேறு வேர்களிலிருந்து முளைப்பவை என்று கண்டார்கள். எதிரே வரும் வண்டியின் வேகத்தைத் தவறாகக் கணித்துத் திரும்புவது பிழை. தெரிந்தே வேகவரம்பைத் தாண்டுவது மீறல். வயது கூடக்கூட மீறல்கள் குறைந்தன. பிழைகள் அப்படிக் குறையவில்லை. பிழையைப் பயிற்சியால் திருத்தலாம். மீறுகிறவருக்கோ விதி நன்றாகவே தெரியும். காவலர் நிற்பதைக் கண்டதும் எதிரே வருகிறவருக்கு ஹெட்லைட்டைச் சிமிட்டி எச்சரிக்கும் மனிதரை, விதி தெரியாதவர் என்று யார் சொல்ல முடியும்? அவருக்கு மீண்டும் ஒரு விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரம் கொடுப்பதால் என்ன ஆகப்போகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

நகரத்து மீறல்களில் பெரும்பாலானவை காத்திருப்பிலிருந்து பிறக்கின்றன. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது. கார் நுழைய முடியாத இடைவெளியெல்லாம் அதற்கு வழி. சாலையின் தடங்களும் சிக்னல்களின் நேரக் கணக்கும் பெரும்பாலும் காரை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டவை. நிற்கும் கார்களுக்கு நடுவே வழி திறந்து கிடக்கும்போது, வெயிலிலும் மழையிலும், காலடியில் என்ஜின் சூட்டையும் முகத்தில் புகையையும் வாங்கிக்கொண்டு, குளிர்சாதனத்தில் அமர்ந்திருப்பவருக்குச் சமமாக நீயும் நில் என்றால், அது நியாயமாக மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்குத் தோன்றுவதில்லை. இதைச் சில அரசுகள் ஒப்புக்கொண்டும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014இல், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்குள் வண்டிகளுக்கு இடையே புகுந்து செல்வதைச் சில கட்டுப்பாடுகளுடன் சட்டமாக்கியது. முந்தைய நாள் வரை மீறலாக இருந்தது, மறுநாள் முறையான ஓட்டம் ஆகிவிட்டது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சில சந்திப்புகளில் சாலைக்கு அடியில் கம்பிச்சுருளைப் பதித்து, மேலே வந்து நிற்கும் உலோகத்தை உணர்ந்தால் மட்டுமே பச்சை விளக்கு எரியும்படி அமைத்திருப்பார்கள். காரைக் கண்டுகொள்ளும் அந்தச் சுருள், மோட்டார் சைக்கிளைக் கண்டுகொள்ளாமல் போவதுண்டு. நள்ளிரவில் தனியாக நிற்கிறவருக்கு, பின்னால் ஒரு கார் வந்து சேரும்வரை பச்சையே கிடைக்காது. நியாயமான நேரம் காத்திருந்துவிட்டுக் கவனமாகக் கடக்கலாம் என்று அமெரிக்காவின் பல மாநிலங்கள் இதற்காகவே சட்டம் செய்திருக்கின்றன.

இவற்றைச் சொல்வதால் நகரத்து அவசரம் முழுவதற்கும் நான் வக்காலத்து வாங்குவதாக எண்ணிவிட வேண்டாம். 10 கிலோமீட்டர் தூரத்தை 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 12 நிமிடம் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 10 நிமிடம். மிச்சம் 2 நிமிடம். மோதும்போது உடல் தாங்க வேண்டிய ஆற்றலோ வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் உயர்வதால் 44 விழுக்காடு கூடிவிடுகிறது. ஆனால் பொட்டலம் கொண்டுசேர்க்கும் இளைஞருக்கு அந்த 2 நிமிடம் வேறு பொருள் தருகிறது. ஒவ்வொரு நடையிலும் மிச்சப்படுத்தினால் நாளின் முடிவில் ஒன்றிரண்டு நடை கூடும், கூலியும் கூடும். ஒரு கையால் வேகத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு மறு கையால் வேகத்துக்கு அபராதம் வாங்கும் ஏற்பாட்டில், நடுவில் நசுங்குகிறவர் அவர் ஒருவர்தான்.

கிராமப்புறத்தில் கதை வேறு. அங்கே நெரிசலும் இல்லை, காத்திருப்பும் இல்லை. பார்க்க ஆளும் இல்லை. நெடுஞ்சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தி நடுவே திட்டு எழுப்பியதும், சாலைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வயலும் உள்ளவருக்கு என்ன நேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். திட்டில் விடப்பட்ட திறப்பு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிரே கண்ணுக்குத் தெரியும் வயலை அடைய அவர் நான்கு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஒரு சிறிய திறப்பு அரைக் கிலோமீட்டரில் எதிர்த்திசையில் கிடைக்குமானால், அவர் ராங் சைடில் ஓரமாகவே போய்விடுகிறார். நாளுக்கு நான்கு முறை, ஆண்டு முழுவதும் அப்படிப் போய் எதுவும் நேராதபோது, அது மீறல் என்ற நினைப்பே அவருக்கு அற்றுப்போகிறது. இதுதான் பழக்கத்தின் கொடிய தந்திரம்: விபத்து என்றோ ஒரு நாள்தான் வரும், ஆபத்தில்லாமல் வந்து சேர்ந்த நாட்கள் ஒவ்வொன்றும் அவருக்குச் சாட்சி சொல்லிக்கொண்டே இருக்கும்.

தெரிந்த சாலை என்ற தைரியம் இதோடு சேர்ந்துகொள்கிறது. பக்கத்துத் தெருவரைதானே என்று ஹெல்மெட் வீட்டிலேயே தங்குகிறது. பேருந்து இல்லாத வேளையில் ஒரே வண்டியில் மூவர் ஏறுகிறார்கள். உரிமம் எடுக்கும் வயதாகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பவரும் தகப்பனார்தான். அந்தத் தெரிந்த வளைவுக்கு அப்பால், பின்விளக்கில்லாத டிராக்டர் நிற்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. தலைக்கவசம் மரண வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். தலை தரையில் மோதும்போது அது பக்கத்துத் தெருவா நெடுஞ்சாலையா என்று தரை கேட்பதில்லை.

தண்டனையைப் பற்றி ஒரு வார்த்தை. தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் வரும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே வாதிட்டார். அபராதத்தை மட்டும் பத்து மடங்காக்கிவிட்டுப் பிடிக்கும் ஆளையோ கருவியையோ கூட்டாவிட்டால், மக்கள் அதை விதிமீறலின் விலையாகப் பார்ப்பதில்லை. துரதிருஷ்டத்தின் விலையாகவே பார்க்கிறார்கள். வியட்நாம் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் எல்லா மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கி உடனே கண்காணிப்பையும் தொடங்கியபோது, அணிபவர் அளவு சில நாட்களிலேயே 90 விழுக்காட்டைத் தாண்டியது. ஒரே வாரத்தில் ஒரு நாட்டின் குணமே மாறிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தரமற்ற ஹெல்மெட்டுகளும் கட்டப்படாத வார்களும் பின்னால் பெரும் தொல்லையாயின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கண்காணிப்பு எதைப் பார்த்ததோ அதை மக்கள் செய்தார்கள்.

குடித்துவிட்டு ஓட்டுபவருக்கும், பள்ளிக்கூட வாசலில் சீறிப் பாய்பவருக்கும், சாலையின் அமைப்பைக் காட்டி நான் எந்தச் சலுகையும் கேட்கவில்லை. என் வேண்டுகோள் அதிகாரிகளிடம் ஒன்றே ஒன்று. எந்த இடத்தில் அபராதப் புத்தகத்தைத் திறக்கிறீர்களோ, அந்த இடத்தில் அதற்கு முன் ஒரு மணி நேரம் நின்று எண்ணுங்கள். நூறு பேரில் இருவர் மீறினால் அந்த இருவரையும் தப்பவிடாமல் பிடியுங்கள். அறுபது பேர் மீறினால் அபராதப் புத்தகத்தோடு சாலைப் பொறியாளரையும் அங்கே வரவழையுங்கள். நடுத்திட்டில் திறப்பு எங்கே இருக்கிறது என்று அவர் அளந்து எழுதட்டும்.