உம் கொட்ட ஆள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வட்டாரக் கதைசொல்லிகள் அமைப்பு ஒன்றை எப்படி நடத்துவது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். அழைப்பு வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம். நான் பெரிய கதைசொல்லி இல்லை. எங்கள் அமைப்பில் 11 வருடமாகப் பொருளாளர். என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். அப்புறம் யோசித்ததில், இந்தத் தலைப்புக்குக் கணக்குப் பார்க்கிறவனே பரவாயில்லை என்று பட்டது. கதைசொல்லியின் கண் மேடைமேல் இருக்கும். நான் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அந்தக் கணக்கையே முதலில் போட்டுவிடுகிறேன். ஓர் அமைப்பில் 40 உறுப்பினர்கள். மாதம் ஒரு கூட்டம், இரண்டு மணி நேரம். வரவேற்பு, அறிவிப்பு, இடைவேளை எல்லாம் போக 80 நிமிடம் மிஞ்சும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் எட்டுப் பேர் சொல்லலாம். மீதி 32 பேர் என்ன செய்வார்கள்? கேட்பார்கள். அதாவது ஒருவருக்கு ஐந்து மாதத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். மற்ற நான்கு மாதமும் உட்கார்ந்து கேட்க வேண்டும். கதை சொல்லலாம் என்று ஆசையோடு சேர்கிறவர் பெரும்பாலும் கேட்பதற்குத்தான் சந்தா கட்டுகிறார். சேர்க்கைப் படிவத்தில் இதை யாரும் எழுதுவதில்லை.

உம் கொட்ட ஆள் இல்லாவிட்டால் கதை நகராது. கதைசொல்லிகளுக்கு ஓர் அமைப்பு எதற்கு என்று கேட்டால், உம் கொட்ட ஆள் சேர்த்துத் தருவதற்கு என்பேன். எங்களுக்கு இது புரிய மூன்று வருடம் ஆனது. புரிய வைத்தவர் ஒரு காவலாளி.

அப்போதெல்லாம் பெயர் கொடுத்த வரிசையில் மேடை தருவோம். முதலில் சொன்னவர்கள் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஒருவருக்குக் கடைசிப் பேருந்து, ஒருவருக்கு வீட்டில் ஆள் இல்லை. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஒரு நாள் வரிசையில் கடைசிப் பெயர் ஓர் இளம் ஆசிரியையுடையது. அவருக்கு முதல் மேடை. கையில் இருந்த தாளை நான்காக மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். மாலை முழுக்க இதே வேலை. அவர் எழுந்தபோது அறையில் மிச்சம் இருந்தது தலைவர், நான், பூட்டுவதற்காகச் சாவிக்கொத்தோடு கதவருகில் நின்ற காவலாளி, அவ்வளவுதான். தலைவர் அடுத்த கூட்டத்துக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தா எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாணயம் மேசையிலிருந்து உருண்டு விழுந்தது, குனிந்து எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆசிரியை பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காவலாளிதான் "அப்புறம் என்ன ஆச்சும்மா?" என்று கேட்டார். அவருக்காக ஆசிரியை கதையை முடித்துவிட்டுப் போனார். திரும்ப வரவில்லை. பதிவேட்டில் மட்டும் அந்த வருடம் முடியும்வரை அவர் உறுப்பினராக இருந்தார்.

அதற்குப் பிறகு வரிசையையே ஒழித்தோம். சொல்ல விரும்புகிறவர்கள் பெயரைச் சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். ஒரு கதை முடிந்ததும் ஒரு சீட்டு. அடுத்தது தன் பெயராக இருக்கலாம் என்பதால் யாரும் எழுந்திருப்பதில்லை. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1997-ல் ஜார்ஜ் டாஸ் கிரீன் நியூயார்க்கில் தொடங்கிய 'தி மாத்' அமைப்பின் போட்டி மேடைகளில் பெயர்களை இப்படித்தான் குலுக்கி எடுக்கிறார்கள். அங்கே ஒருவருக்கு ஐந்து நிமிடம், போனால் போகிறதென்று இன்னும் ஒரு நிமிடம். சீட்டை எடுத்துக்கொண்டோம், அவர்கள் போடும் மதிப்பெண்ணை விட்டுவிட்டோம். மதிப்பெண் தாளைக் கையில் கொடுத்தால் உம் கொட்ட வேண்டியவர் நீதிபதி ஆகிவிடுவார்.

நேர அட்டையும் வந்தது. எட்டாவது நிமிடத்தில் மஞ்சள், பத்தில் சிவப்பு. கதைசொல்லியைப் பாதியில் நிறுத்துவது பாவம் என்று சண்டை போட்டார்கள். சரி, ஒருவர் 25 நிமிடம் சொன்னதால் கடைசிச் சீட்டுக்காரர் வாயைத் திறக்காமலே வீட்டுக்குப் போகிறாரே, அந்தப் பாவம் யார் கணக்கில்? அதோடு சண்டை ஓய்ந்தது. முழுதாக ஓய்ந்தது என்று சொல்ல முடியாது.

கதை முடிந்ததும் "ரொம்ப நன்றாக இருந்தது" என்று சொல்லக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். கேட்டவர்களில் இரண்டு பேர், காதில் தங்கிய ஒன்றைச் சொல்ல வேண்டும். "கிணற்றுச் சுவரில் வாளி மோதுகிற சத்தம் எனக்குக் கேட்டது." "தம்பி திரும்பிப் பார்க்காமல் போனான் என்று சொன்ன பிறகு நீங்கள் கொஞ்சம் நிறுத்தினீர்கள், அங்கே எனக்கு மூச்சு நின்றது." இப்படி. குறை சொல்வதென்றால், சொன்னவர் வாய்விட்டுக் கேட்டால் மட்டும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பாராட்டு மழை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது கேட்கிறவருக்கான பயிற்சி. இரண்டு பேரில் ஒருவராக நம்மைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே எல்லோரும் காது கொடுப்பார்கள்.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வையாளர் பக்கம் விளக்கை அணைக்காதீர்கள். நாடகத்துக்கு அது சரி. கதைசொல்லிக்கு எதிரே முகம் தெரிய வேண்டும். வருவார்கள் என்று நம்பி 60 நாற்காலி போடாதீர்கள். இருபதை அரைவட்டமாகப் போட்டு, மீதியைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள். ஆள் வர வர எடுத்துப் போடலாம். 60 நாற்காலியில் 25 பேர் உட்கார்ந்தால் தோற்ற கூட்டம். இருபதுக்கு மேல் ஐந்து நாற்காலி தேடி எடுத்துப் போட்டால் அதே 25 பேர் ஜெயித்த கூட்டம்.

இனி விழா. ஒவ்வோர் அமைப்புக்கும் இரண்டாவது வருடத்தில் விழா ஆசை வந்துவிடும். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் ஜோன்ஸ்பரோ என்று ஒரு சிற்றூர். ஜிம்மி நீல் ஸ்மித் என்ற பள்ளி ஆசிரியர் 1973 அக்டோபரில் அங்கே ஒரு கதைத் திருவிழா தொடங்கினார். மேடை ஒரு வைக்கோல் வண்டி. 1975-ல் அதையொட்டித் தேசிய அளவில் ஓர் உறுப்பினர் சங்கம் பிறந்தது. ஒரே கூரையின்கீழ் பல வருடம் இருந்துவிட்டு, 1998-ல் அது இரண்டாகப் பிரிந்தது. விழாவை நடத்துகிற சர்வதேச மையம் தனி, உறுப்பினர்களுக்கான தேசிய நெட்வொர்க் தனி.

அந்தப் பிரிவினையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விழாவுக்குப் பெயர் பெற்ற கதைசொல்லி வேண்டும், நுழைவுச்சீட்டு விற்க வேண்டும், எதுவும் சொதப்பக் கூடாது. மாதக் கூட்டம் நேர்மாறு. உறுப்பினருக்கு அங்கே சொதப்பிப் பழக ஓர் இடம் வேண்டும். சிறிய அமைப்புகளில் இந்த இரண்டையும் இழுப்பது அதே நாலு பேர். நாங்களும் ஒரு வருடம் பெரிய விழா எடுத்தோம். கைதட்டல், செய்தித்தாளில் படம், எல்லாம் கிடைத்தது. அந்த ஏற்பாட்டில் மூன்று மாதக் கூட்டங்களைத் தள்ளி வைத்திருந்தோம். விழா முடிந்த பிறகு பார்த்தால், சந்தாவைப் புதுப்பிக்காதவர்களில் பலர் விழாவுக்கு முன்பே மனதளவில் கிளம்பிப் போயிருந்தார்கள். இப்போது எங்களிடம் விழாக் குழு வேறு, மாதக் கூட்டக் குழு வேறு. வங்கிக் கணக்கும் வேறு. ஒருவரே இரண்டிலும் இருக்க முடியாது.

அப்புறம், 'வட்டாரம்' என்று பெயரில் போட்டுக்கொள்கிறோமே, அதைக் கவனியுங்கள். பெயரில் வட்டாரம் இருக்கும். கூட்டம் எப்போதும் நடுவில் இருக்கிற பெரிய ஊரில் நடக்கும். உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொருவரும் எத்தனை கிலோமீட்டர் தாண்டி வருகிறார் என்று ஒரு பத்தி சேர்த்துப் பாருங்கள். யார் அடுத்த வருடம் இருக்க மாட்டார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். தொலைவில் இருக்கிறவர்கள் சண்டை போட்டுக்கொண்டு போவதில்லை, சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுவார்கள். நாங்கள் மூன்றில் ஒரு கூட்டத்தை வெளியே நடத்துகிறோம். ஐந்தாறு பேர் ஒரு வீட்டில் கூடுகிற சிறு வட்டங்களுக்கு, மையத்திலிருந்து ஒருவர் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார். சொல்ல அல்ல, கேட்க. அவருடைய பயணச் செலவு அமைப்புக் கணக்கில். எங்கள் செலவுகளில் வீண்போகாத செலவு என்று நான் அதைத்தான் சொல்வேன்.

உறுப்பினர்களைத் தாண்டி ஊர்மக்களுக்கு என்ன செய்கிறோம்? நாங்கள் முதலில் போனது ஒரு முதியோர் இல்லத்துக்கு. நான்கு கதைகளைத் தயார் செய்துகொண்டு போனோம். இரண்டாவது கதையில் நரி பேசத் தொடங்கியதும் ஒரு பாட்டி கையை உயர்த்தினார். "நரி அப்படிக் கெஞ்சாது" என்றார். எப்படிப் பேசும் என்று கேட்டோம். அடுத்த முக்கால் மணி நேரம் அவருடையது. எங்கள் மூன்றாவது, நான்காவது கதைகள் பையிலேயே இருந்துவிட்டன. அடுத்த மாதத்திலிருந்து அங்கே கேட்கத்தான் போகிறோம்.

இங்கேதான் தப்பும் செய்தோம். அதே இல்லத்தில் ஓர் அம்மா தன் கல்யாணம் முறிந்த கதையைச் சொன்னார். எங்கள் உறுப்பினர் ஒருவர் அதை மேடையில் சொன்னார், நன்றாகவே சொன்னார். பெயரை மாற்றியிருந்தார், வீட்டையும் வாசல் மரத்தையும் மாற்றவில்லை. கூட்டத்தில் அந்த அம்மாவின் மகள் இருந்தார். அந்த இல்லத்தின் கதவு எங்களுக்குத் திரும்பத் திறக்க ஒரு வருடம் ஆனது. அது நியாயம்தான்.

நாட்டார் கதை விஷயம் வேறு. சிண்டரெல்லா கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் அதற்கு எத்தனையோ வடிவங்கள். பின்லாந்துக்காரர் ஆர்னே 1910-ல் தொடங்கி, அமெரிக்கர் தாம்சன் விரிவாக்கி, ஜெர்மானியர் ஊதர் 2004-ல் திருத்திய கதைவகை அட்டவணையில் அதன் எண் 510ஏ. எண் போட்டுவிட்ட கதைக்குச் சொந்தக்காரர் கிடையாது. யாரிடம் கேட்டேன் என்று சொல்லிவிட்டுச் சொன்னால் போதும். ஆனால் ஒருவர் தன் வாழ்க்கையைச் சொன்னால் அது அவருடையது. இப்போது அதற்கென்று ஒரு சம்மதப் பதிவேடு வைத்திருக்கிறோம். யார் சொன்னார், யார் சொல்லலாம், எந்த மேடையில், பதிவு செய்யலாமா என்று நாலு கட்டம். மேடை மாறினால் மறுபடி கேட்க வேண்டும். கொடுத்த சம்மதத்தை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றிப் பொருளாளர் பேசாமல் போகக் கூடாது, சுருக்கமாகச் சொல்கிறேன். சந்தா குறைவாக இருக்கட்டும். ஆனால் கையில் நிதி உள்ள நிறுவனம் கூப்பிட்டால் இலவசமாக ஆள் அனுப்பாதீர்கள். கதை சொல்லியே பிழைக்கிறவர்கள் நம் பட்டியலில் இருக்கிறார்கள். பொழுதுபோக்காகச் சொல்கிற நாம் சும்மா போய் நின்றால் அவர்கள் வயிற்றில் அடிக்கிறோம். மார்ச் 20-ஐ ஒட்டிக் கொண்டாடுகிறோமே, உலகக் கதைசொல்லல் நாள், 1990-களின் தொடக்கத்தில் சுவீடனில் முளைத்தது, அன்றைக்குச் சும்மா சொல்லுங்கள். மற்ற நாளில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஓர் உறுப்பினர். ஆறு வருடமாக வருகிறார், ஒரு கதைகூடச் சொன்னதில்லை, சீட்டும் போட்டதில்லை. செயற்குழுவில் ஒருமுறை 'செயல்படாத உறுப்பினர்கள்' என்று ஒரு பட்டியல் தயாரித்தோம். அவர் பெயர் முதலில் இருந்தது, வாசித்தது நான். அப்போது ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நான் கதை சொல்லும்போது அவரைப் பார்த்துத்தான் சொல்கிறேன்." இன்னொருவர், "நானும்தான்" என்றார். சுற்றிக் கேட்டால் எல்லோருக்கும் அதே இடம்தான்: இரண்டாவது வரிசை, இடது ஓரம். பட்டியலை அங்கேயே கிழித்தோம். பதிவேட்டில் 'சொன்னவை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'கேட்டவை' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். போன வருடம் நடந்த 96 கதைகளில் அவர் கேட்டது 95. ஒரு மாதம் பேருந்து தாமதமாகி முதல் கதை போய்விட்டது. அன்றைக்கு யார் சொன்னார்கள், என்ன கதை என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.