வண்டியைத் தூக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜிபி ரோடு பக்கம் போனால், நம்பர் பிளேட் காயாத மஹிந்திரா தாரும் மாருதி ஜிம்னியும் கடை வாசலில் ஜாக்கில் நிற்பதைப் பார்க்கலாம். இரண்டு அங்குலம் தூக்கி, பெரிய டயர் மாட்டி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டால் வண்டிக்குத் தனிக் களை வந்துவிடும், மறுப்பதற்கில்லை. அதே வண்டி மறுநாள் மழையில் கத்திப்பாரா மேம்பாலத்தில் வளைந்து இறங்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் இன்றைய பேச்சு.

வண்டியைத் தூக்கும் சாமானான லிஃப்ட் கிட் போட்டால் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, கூடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பாதிதான் சரி. ஜிம்னியில் முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், அதாவது இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே இறுகிய அச்சு. எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரென்ஷியல் குண்டு அந்த ஆக்சிலோடு சேர்ந்தது, ஸ்பிரிங் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் குண்டு ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. தாரின் பின் ஆக்சிலுக்கும் இதே கதைதான். பம்பருக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இடம் கிடைக்கும், பெரிய டயர் உரசாமல் சுற்றும், அவ்வளவே. குண்டை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டம் கூடுவதில் பாதி அளவுக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாரில் 16 அங்குல வீலோடு வருவது 245/75 டயர் (அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம்), விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 போட்டால் 831 ஆகிறது. குண்டுக்குக் கிடைப்பது 28 மில்லிமீட்டர். இதற்குக் கொடுக்கும் விலை என்ன? விட்டம் 7 சதவீதத்துக்கு மேல் கூடுவதால், முன்பு 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 என்று காட்டிய மீட்டர் இப்போது 86இல் போகும்போதும் 80 என்றே காட்டும். பிரேக் அதே பிரேக், ஆனால் டயரின் ஆரம் கூடிவிட்டதால் அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிரேக் விசை 7 சதவீதம் குறையும். போதாக்குறைக்கு டயரின் எடையும் கூடியிருக்கும். நிற்பதற்கு ஆகும் தூரம் நீளும், மைலேஜ் இறங்கும், ஷாக் அப்சார்பருக்கும் வேலை கூடும்.

லிஃப்ட்டுக்கு வருவோம். மலிவான வழி, ஸ்பிரிங்குக்கு அடியிலோ மேலேயோ ஸ்பேசர் என்ற தடித்த வளையம் வைப்பது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கும் வண்டியில், நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் கீழே இறங்க ஷாக்கில் 80 மில்லிமீட்டர் மிச்சம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் மிச்சம் 30தான். ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டிச் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு "டக்" என்று அடிக்கும். மேடு பள்ளத்தில் அந்தச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். பிடிமானத்துக்காகச் செய்த வேலை பிடிமானத்தையே பறித்துக்கொள்ளும். ஸ்பேசரோடு நீளமான ஷாக்கும் போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

தாரின் முன்பக்கம் வேறு விதம். அங்கே ஸ்பிரிங்குக்குள் ஷாக் இருக்கிறது, சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ் ஆர்ம் அதைத் தாங்குகிறது. ஆர்மின் நெம்புகோல் கணக்கால், மேலே வைக்கும் ஸ்பேசரின் கனத்தைவிடச் சக்கரத்தில் உயரம் அதிகமாகக் கூடும். ஆர்ம் சரிந்து நிற்கும், ஆர்ம் முனையில் உள்ள பால் ஜாயின்ட் தன் எல்லைக்குப் போகும், சக்கரத்தைச் சுற்றும் ஆக்சில் ஷாஃப்ட்டில் வளைந்து கொடுக்கும் மூட்டான சிவி ஜாயின்ட் கூடுதல் கோணத்தில் சுற்றும். முதலில் கிழிவது அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட். வீலின் உள்பக்க விளிம்பில் கறுப்பு கிரீஸ் கோடாகத் தெறித்திருந்தால் பூட் போய்விட்டது என்று பொருள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது "டிக் டிக்" என்று கேட்டால் ஜாயின்ட்டே போய்க்கொண்டிருக்கிறது. பூட் மாற்றும் செலவோடு முடிந்திருக்க வேண்டியதை அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.

ரிஜிட் ஆக்சில் வண்டியைத் தூக்கினால் காஸ்டர் கோணம், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, குறையும். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவது அந்தக் கோணத்தால்தான். குறைந்தால் ஈசிஆரில் 80இல் போகும்போது வண்டி இடமும் வலமும் அலையும், ஓட்டுபவர் கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடு சரிவதால் ஆக்சில் முழுவதும் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாக நகரும். இதற்கெல்லாம் காஸ்டர் கரெக்‌ஷன் புஷ், நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடு என்று தனிச் சாமான் இருக்கிறது. "அதெல்லாம் தேவையில்லை சார், ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்று சொல்லும் கடையில் வேலையை விடாதீர்கள்.

ஸ்பிரிங் வாங்கும்போது அது எந்த எடைக்குச் செய்தது என்று கேளுங்கள். இரும்பு பம்பர், வண்டியை இழுக்கும் கம்பி சுற்றிய வின்ச் எல்லாம் சுமக்கும் வண்டிக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் கட்டை வண்டிதான். பின்சீட்டுக்காரர்கள் தலை கூரையில் இடிக்கும்.

பாதுகாப்பில் எனக்குப் பெரிய கவலை, கவிழ்வது. இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் ஓர் எண் வரும். அது குறையக் குறையக் கவிழும் ஆபத்து கூடும். சாதாரணக் கார்களுக்கு 1.3க்கு மேல், உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. அகலம் 1500 மில்லிமீட்டர், மைய உயரம் 700 என்றால் 1.07. லிஃப்ட்டும் டயருமாகச் சேர்ந்து மையத்தை 65 மில்லிமீட்டர் ஏற்றினால் 0.98. கேரியரில் தண்ணீர் கேன் ஏற்றினால் இன்னும் இறங்கும். ஒன்றுக்குக் கீழே வந்துவிட்ட வண்டி, வளைவில் சட்டென ஒடித்து மீடியன் கல்லிலோ சாலை ஓரப் பள்ளத்திலோ சக்கரம் தட்டினால் சறுக்குவதற்கு முன் சாய்ந்துவிடும்.

"அதுக்குத்தானே சக்கரத்தை வெளியே தள்ளுகிறோம்" என்பார்கள். பக்கத்துக்கு 25 மில்லிமீட்டர் தள்ளினால் அந்த எண் 1.01க்கு வரும், உண்மைதான். ஆனால் ஹப்பிலிருந்து வீல் நிற்கும் இடமான ஆஃப்செட் மாறியதால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், குழியில் விழும்போது ஸ்டீயரிங் கையை உதறும். வீல் ஸ்பேசர் போட்டே தீர வேண்டுமென்றால் ஹப்பில் கச்சிதமாக உட்காரும் வகையை வாங்குங்கள். நட்டு, 12 மில்லி தடிமன் உள்ள ஸ்டட்டில் (வீலை மாட்டும் போல்ட்) குறைந்தது 12 மில்லி ஆழத்துக்காவது ஏற வேண்டும். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி பாருங்கள்.

வெள்ளத்துக்குப் பயந்து தூக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 மிக்ஜாமுக்குப் பிறகு வேளச்சேரிப் பக்கம் இந்த எண்ணம் நிறையப் பேருக்கு வந்தது. லிஃப்ட்டால் ஆக்சிலில் உள்ள பிரீதர் (உள்ளே காற்று போய்வரும் துளை) உயராது, அதன் குழாயை நீட்டி மேலே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சூடான குண்டு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே ஆயில் மோர்போல் ஆகிவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

என் யோசனை கேட்டால், முதல் பணத்தை ஒரிஜினல் அளவிலேயே சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான நல்ல ஆல் டெரெய்ன் டயருக்கும், ஒரு காற்றுமானிக்கும், 12 வோல்ட் கம்ப்ரஸருக்கும் செலவிடுங்கள். மட் டயர் சேற்றில் ராஜா, மழை நனைத்த மேம்பாலத்தில் அப்படியில்லை. மணலில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் கிடைக்கும் பிடியை எந்த லிஃப்ட்டும் தராது. அந்தக் காற்றோடு மெதுவாக ஓட்டுங்கள், ஸ்டீயரிங்கை வெடுக்கென ஒடிக்காதீர்கள், தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப நிரப்புங்கள். சித்திரை வெயிலில் காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலையில் வெடிப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

அதற்கு மேலும் தூக்க வேண்டுமென்றால் 40 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்து அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள், ஹெட்லைட்டைத் தாழ்த்தச் சொல்லுங்கள். கடையை விட்டுக் கிளம்பும் முன் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். விறைப்பாக இழுபட்டால் வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள். நீளமான ஹோஸ் போட்டு, பிரேக்கில் காற்று எடுத்த பிறகே சாவியை வாங்குங்கள்.